கொடிவேரி அணையருகே உள்ள உணவகங்களை நம்பிச் சாப்பிடலாமா?

"ஆடிப்பெருக்கை ஒட்டிக் குடும்பத்துடன் கொடிவேரி அணைக்கு வருகிறோம், சிறுவர்களும் வயதானவர்களும் உடன் வருகிறார்கள். அணையருகே உள்ள கடைகளில் சாப்பிடலாமா, கோபியில் (கோபிச்செட்டிபாளையத்தில்) சாப்பிட்டுவிட்டு வருவது நல்லதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். மீன் உண்பவர்கள் என்றால் அணையருகே மீன் மட்டும் சாப்பிடுங்கள்; சோறு, குழம்பு, பிரியாணி போன்றவற்றைக் கோபியிலோ சத்தியமங்கலத்திலோ வைத்துக்கொள்ளுங்கள். நான் கோபிப் பக்கத்துக்காரன். வெளியூரிலிருந்து எந்த உறவினர் வந்தாலும் இரண்டாம் நாள் காலையில் கொடிவேரிக்குத்தான் போக வேண்டும் என்பார்கள் என்பதால், அந்தக் கடைகளில் நான் உட்கார்ந்து எழுந்த நாட்கள் ஏராளம்.

ஊருக்குள் இருக்கும் ஒரு மெஸ்ஸில் இன்றைக்குச் சாம்பார் ஊசிப்போனால் நாளைக்கே பந்தியில் ஆள் குறையும். கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்கு அது அன்று மாலையே தெரிந்துவிடும். அணைக்கடைக்கு அந்தக் கவலை குறைவு. இன்று திருப்பூரிலிருந்து வந்தவர் மறுபடி வர ஒரு வருடம் ஆகலாம், வராமலே போகலாம். ஆகவே அந்த இடத்தில் கடைக்காரரின் நல்ல மனத்தை நம்புவதைவிட, கூட்டத்தினாலேயே வேகமாகத் தீர்ந்துபோகிற பண்டத்தை நம்புவது பாதுகாப்பானது. கொடிவேரியில் அப்படித் தீர்வது மீன்தான். ஃப்ரைட் ரைஸும் கோபி மஞ்சூரியனும் பலகையில் எழுதப்பட்டிருக்கும். கோபிக்காரனாகிய நான் அந்தப் பெயருக்காகக்கூட அதை ஒருமுறையும் வாங்கியதில்லை. பள்ளிபாளையம் சிக்கன் என்ற பெயரைப் பார்த்தும் ஆசைப்பட வேண்டாம். விதை நீக்கிய வரமிளகாய், சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, தேங்காய்ச் சில்லு என்று மசாலாப் பொடியே இல்லாமல் வதக்கி எடுப்பதுதான் அதன் முறை; சுற்றுலா இடங்களில் அந்தப் பெயரில் சிவப்புக் குழம்பில் மிதக்கும் கோழிதான் எனக்குப் பெரும்பாலும் கிடைத்திருக்கிறது.

மீனைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன். அங்கே கிடைப்பவை பெரும்பாலும் கட்லா, ரோகு, ஜிலேபி ஆகியவை. "அணை மீனுங்க, இப்பத்தான் புடிச்சதுங்க" என்று எல்லாக் கடையிலும் சொல்வார்கள். அதைக் கேட்டுக்கொண்டே செவுளைத் தூக்கிப் பாருங்கள். செவுள் சிவப்பாகவும், கண் தெளிவாகப் புடைத்தும், விரலால் அழுத்திய இடம் உடனே மேலெழும்பியும் இருந்தால் வாங்கலாம். கண் உள்வாங்கி மங்கியிருந்தால் அடுத்த கடைக்கு நடக்கலாம். சிறுவர்களுக்கு ஜிலேபி மீனே ஏற்றது. கட்லாவும் ரோகுவும் கெண்டை இனத்தைச் சேர்ந்தவை; அவற்றின் சதைக்குள் கவட்டை போன்ற நுண்முட்கள் பரவிக் கிடக்கும், நடுமுள்ளை எடுத்துவிட்டால் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. ஜிலேபிக்கு அத்தகைய சதைமுள் இல்லை. முதியவர்கள் முள்ளுக்குப் பழகியவர்கள் என்றால் கட்லாவின் வயிற்றுத் துண்டைக் கேட்டு வாங்குங்கள். அது கொழுப்புள்ள பகுதி, முள்ளும் பெரிதாகத் தெரியும்.

மசாலா தடவிக் குவித்து வைத்திருக்கும் துண்டுகளை நான் வாங்குவதில்லை. அவை எப்போது வெட்டப்பட்டவை என்பதை மசாலா மறைத்துவிடும். கண்ணைப் பறிக்கும் சிவப்பு நிறம் மிளகாய்த் தூளால் மட்டும் வருவதில்லை; தின்றபின் விரலைக் கழுவியும் சாயம் போகவில்லை என்றால் அது நிறப்பொடியாக இருக்கக்கூடும். பக்கத்து மாநிலமான கர்நாடகத்தில் 2024 ஜூனில் கோழிக் கபாபிலும் மீன் உணவுகளிலும் செயற்கை நிறம் சேர்ப்பதை அரசே தடை செய்தது. "கலர் போடாம, மஞ்சளும் மொளகாத்தூளும் மட்டும் போட்டுக் குடுங்க" என்று கேட்டால் மறுக்கும் கடையை நான் பார்த்ததில்லை. சற்று நேரம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

எண்ணெயைத்தான் எல்லாவற்றுக்கும் மேலாகக் கவனிக்க வேண்டும். ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அதில் கேடான சேர்மங்கள் பெருகும்; அவற்றின் அளவு 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2018 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அணைக்கரையில் நின்று அதை அளக்க நம்மிடம் கருவி இல்லை, ஆனால் கண்ணும் மூக்கும் இருக்கின்றன. எண்ணெய் கறுத்துக் கெட்டியாகியிருப்பது, மீனைப் போட்டதும் நுரை அடங்காமல் நிற்பது, அடுப்பைக் குறைத்தும் புகை வருவது ஆகியவை பழைய எண்ணெயின் அடையாளங்கள். இதனால்தான் நான் விருந்தினர்களை முற்பகலிலேயே அழைத்துச் சென்றுவிடுகிறேன்; ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு மீன் தீர்ந்து புதிது வந்திருந்தாலும், வாணலியில் இருப்பது காலை எண்ணெயாகவே இருக்கக்கூடும்.

விலையில் நான் ஒருமுறை ஏமாந்தேன்; பாதி என் அறியாமை. சென்னையிலிருந்து வந்திருந்த தங்கை குடும்பத்துடன் ஒரு கடையில் ஒரு கிலோ கட்லாவுக்குச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனோம். திரும்பி வந்தபோது இலையில் இருந்ததைப் பார்த்து மாப்பிள்ளை முகம் சுருங்கிவிட்டது. "என்னங்க்கா, ஒரு கிலோன்னு சொன்னமே?" என்று கேட்டேன். "நிறுத்தது பச்சை மீனுங்க கண்ணு. தலை, கொடலு, செதிலு போனாக் கொறையுமுங்க, வறுத்தா இன்னுங் கொறையுமுங்க" என்றார் கடைக்கார அம்மாள். அவர் சொன்னதில் தவறில்லை. சுத்தம் செய்தாலும் எடை குறையும், வறுக்கும்போது நீர் வற்றியும் குறையும். ஆனால் வறுவல் கூலி தனி என்பதையும், எலுமிச்சை, வெங்காயத்துக்குக்கூடக் கணக்கு உண்டு என்பதையும் அவர் பணம் வாங்கும்போதுதான் சொன்னார். அன்றிலிருந்து மூன்று கேள்விகளைக் கேட்காமல் மீனைத் தொடுவதில்லை: எடை பச்சை மீனுக்கா வறுத்ததற்கா, கூலி எவ்வளவு, வேறு ஏதாவது உண்டா. நிறுக்கும்போது எதிரில் நிற்கவும் வேண்டும். குளித்துவிட்டு வருவதற்குள் தயாராகட்டும் என்று விட்டுப்போவது வசதிதான், ஆனால் நீங்கள் தேர்ந்தெடுத்த மீன்தான் இலைக்கு வந்ததா என்பது பிறகு தெரியாது. பாதிப் பேர் குளிக்க, ஒருவர் கடையில் இருப்பதே எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. அந்த ஒருவர் பெரும்பாலும் நான்தான்.

தண்ணீரும் குளிர்பானமும் பொட்டிக்கடையில் வாங்கினால் அச்சிட்ட விலைக்குமேல் கொடுக்க வேண்டியதில்லை. 'கூலிங்' என்று இரண்டு ரூபாய் கேட்டால் மறுக்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மேசை போட்டுப் பரிமாறும் உணவகத்துக்கு மட்டும் இது பொருந்தாது, 2017இல் உச்ச நீதிமன்றம் உணவகங்களுக்கு அந்த விலக்கை அளித்தது.

புறப்படும் முன் அன்று குளிக்க அனுமதி உண்டா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். கொடிவேரிக்கு மேலே, 105 அடி நீர்மட்டம் கொண்ட பவானிசாகர் அணையிலிருந்து அதிக நீர் திறந்தால் இங்கே குளிக்கத் தடை விதிப்பார்கள். தடை என்றால் கூட்டம் இல்லை. கூட்டம் இல்லையென்றால் முந்தைய நாள் மீன் பனிக்கட்டியிலேயே இருக்கும். அத்தகைய நாளில் வந்துவிட்டால் அணையைப் பார்த்துவிட்டுக் கோபிக்குத் திரும்பி, ஏதாவதொரு மெஸ்ஸில் சாப்பிடுவதே நல்லது. அரிசிம்பருப்புச் சோறு கிடைக்கும் கடையாகப் பார்த்தால் முதியவர்களுக்கு வயிற்றுக்கும் இதமாக இருக்கும்.

ஆடிப் பதினெட்டு அன்றே வருவதாக இருந்தால், தடை இல்லாத ஆண்டிலும் உட்கார இடம் கிடைப்பது கடினம். எங்கள் வீட்டில் அன்று புளிச்சோறும் தயிர்ச்சோறும் கட்டிக்கொண்டு போய், மீன் மட்டும் அரைக் கிலோ அரைக் கிலோவாக அங்கே வாங்குவோம். பெரிய வாழையிலை நான்கைந்தும் எலுமிச்சம்பழமும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்; செய்தித்தாளில் மடித்துத் தருவதை வாங்க வேண்டியிருக்காது, அச்சு மையும் எண்ணெயும் சேர்ந்து வயிற்றுக்குள் போகாது.