செமினாரும் ஒரு பக்க விமர்சனமும்

வணக்கம் ஐயா,

உதகையில் ஒரு கல்லூரியில் சூழலியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். கோர்ஸ் ஒர்க்கில், அதாவது ஆய்வோடு சேர்ந்து படிக்க வேண்டிய பாடங்களில், செமினார் ஒரு தாள். வாரம் ஒன்றாக 15 அமர்வுகள், 75 சதவீத வருகை கட்டாயம். ஒவ்வொரு உரைக்கும் ஒரு பக்க விமர்சனக் குறிப்பை இரண்டு நாளில் கொடுக்க வேண்டும். கூடலூரிலிருந்து பஸ்ஸில் வருகிறேன். மழையில் மரம் விழுந்து ஏற்கெனவே இரண்டு அமர்வுகள் போய்விட்டன. ‘உரை சிறப்பாக இருந்தது, படங்கள் தெளிவு’ என்று எழுதிய குறிப்பை மேடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பேசுகிறவர்கள் எல்லாம் சீனியர் அக்காக்கள், அண்ணன்கள். அவர்களைக் குறை சொல்லி எப்படி எழுதுவது? ஆய்வுக்கு வந்த பிறகும் அட்டெண்டன்ஸ் எடுப்பது சரிதானா?

ர., கூடலூர்

அன்புள்ள ர.,

முதலில் கணக்கு. 15இல் 75 சதவீதம் என்றால் 11.25, அதாவது 12 அமர்வுகள். 11 போதும் என்று நினைத்தால் 73 சதவீதத்தில் மாட்டிக்கொள்வீர்கள். உங்களுக்கு மிச்சம் ஒரே ஒரு அமர்வுதான், அதை மழைக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். களப்பணி நாள் செமினார் நாளில் விழுந்தால் முன்கூட்டியே ஓ.டி. (வெளியே கல்லூரி வேலையில் இருப்பதற்கான அனுமதி) எழுதிக் கொடுங்கள், போய்வந்த பிறகு கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது. நீலகிரியில் மழை விடுமுறையைத் தாலுகா வாரியாகவும் அறிவிக்கிறார்கள். கூடலூருக்கு விடுமுறை, உதகையில் கல்லூரி உண்டு என்ற நாளில் அந்த அறிவிப்பை எடுத்து வைத்து, அன்றே விண்ணப்பத்தோடு இணைத்துத் துறைத்தலைவரிடம் கொடுங்கள். வர முடியாமல் போன உரைக்கும் ஸ்லைடுகளை வாங்கிப் படித்துக் குறிப்பு எழுதிவிடுங்கள். வருகை கிடைக்காவிட்டாலும் மதிப்பெண் தப்பிக்க வழியுண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிகளின்படி கோர்ஸ் ஒர்க்கில் 55 சதவீதம் இல்லாமல் ஆய்வைத் தொடர முடியாது என்பதை மறந்துவிடாதீர்கள்.

அட்டெண்டன்ஸ் சரிதான் என்பது என் உறுதியான எண்ணம். எட்டுப் பேர் உட்கார்ந்திருக்கும் அறையில் மூன்று பேர் வராவிட்டால் பேசுகிறவருக்குக் கேள்விகளே வராது. பல வாரம் உழைத்துத் தயாரித்த உரைக்குக் கைதட்டலும் டீயும் மட்டும் மிஞ்சும். நீங்கள் வருவது உங்களுக்காக மட்டுமல்ல, அவருக்காகவும்தான்.

விமர்சனக் குறிப்பையும் அப்படியே பாருங்கள். படித்து முடித்ததும் பேசியவர் மறுநாள் எதையாவது மாற்றிச் செய்ய முடிகிறதா? முடிந்தால் அது விமர்சனம். ‘சிறப்பாக இருந்தது’ என்பதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? ‘தரவு போதாது, மேலும் ஆய்வு தேவை’ என்பதும் அதே ரகம்தான்.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். ஒரு சீனியர், கற்பூர மரத் (யூகலிப்டஸ்) தோப்புகளால் ஓடை நீர் குறைகிறது என்று பேசுகிறார். புல்வெளியில் ஒரு ஓடை, தோப்பில் ஒரு ஓடை. ஜனவரி முதல் மார்ச் வரை மிதவை முறையில் அளந்திருக்கிறார்: மிதக்கும் பொருள் ஒன்றை விட்டு 10 மீட்டர் கடக்க எத்தனை நொடி என்று பார்த்து வேகத்தைக் கண்டு, அதை ஓடையின் அகலத்தாலும் ஆழத்தாலும் பெருக்குவது. தோப்பு ஓடையில் நீர் குறைவு என்பது முடிவு. இதற்கான குறிப்பு இப்படி அமையலாம்:

‘கற்பூரத் தோப்பு மழையில்லாக் காலத்து ஓடை நீரைக் குறைக்கிறது என்பது உரையின் வாதம். இரண்டு ஓடைகளையும் ஒரே நாளில் அளந்திருப்பது இதன் பலம். மழை வேறுபாடு குறுக்கே வரவில்லை. ஆனால் மரம் நடுவதற்கு முன் இரண்டும் ஒரே அளவு ஓடினவா என்பது தெரியவில்லை. வடிநிலப் பரப்பு (ஓடைக்கு நீர் வடிந்து வரும் நிலத்தின் பரப்பு), சரிவு, மண் ஆழம் மூன்றையும் அட்டவணையாகத் தந்தால் ஒப்பீடு நிற்கும். ஓடைகளைத் தலா மூன்றாக்கினால் இன்னும் உறுதி. மிதவை காட்டுவது மேற்பரப்பு வேகம்; சராசரி வேகம் அதைவிடக் குறைவு என்பதால் 0.85 போன்ற காரணியால் பெருக்குவது வழக்கம். பாறைப் படுகைக்கும் இலைச் சருகுப் படுகைக்கும் அந்தக் காரணி ஒன்றாக இருக்காது. இவ்வளவு சிறிய ஓடையில், நீரை ஒரு குழாய் வழியாகத் திருப்பி 10 லிட்டர் வாளி நிறைய எத்தனை நொடி என்று அளப்பதே துல்லியம்.’

இதில் யாரையும் குறை சொல்லவில்லை, பாருங்கள். ‘நீங்கள் அளக்கவில்லை’ என்று எழுதினால் அக்காவுக்கு வலிக்கும். ‘அட்டவணை தந்தால் ஒப்பீடு நிற்கும்’ என்றால் அவரே நன்றி சொல்வார். எழுவாய் ஆய்வாக இருக்கட்டும், ஆளாக வேண்டாம். மரம் நடும் முன்பே அளந்து ஒப்பிடுவதற்கு முன்மாதிரியும் உங்கள் மலையிலேயே இருக்கிறது. கிளென்மார்கனில் மண், நீர்வளப் பாதுகாப்பு ஆய்வு மையத்தினர் அடுத்தடுத்த இரண்டு வடிநிலங்களை மரம் நடுவதற்கு முன்பே சில ஆண்டுகள் அளந்துவிட்டு, 1972இல் ஒன்றில் மட்டும் கற்பூரம் நட்டார்கள். முதல் பத்தாண்டில் நீர் சுமார் 16 சதவீதம் குறைந்தது என்று அவர்களால் சொல்ல முடிந்ததற்கு அந்த முன் அளவீடே காரணம்.

குறிப்பின் தொடக்க வரிகளில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். பேசியவர் படித்துவிட்டு ‘ஆமாம், இதைத்தான் சொன்னேன்’ என்று தலையாட்டும்படி அவர் வாதத்தை உங்கள் சொற்களில் இரண்டு வரியில் எழுத வராவிட்டால், அதற்குக் கீழே எழுதுவதெல்லாம் வேறு யாருக்கோ எழுதியதாகிவிடும். இதற்கு முந்தின இரவு சுருக்கத்தையும் அவர் சார்ந்திருக்கும் ஒரு கட்டுரையையும் வாசித்து, ஒரு கேள்வியை எழுதிக்கொண்டு வாருங்கள். உரையின்போது ஸ்லைடு எண், அதில் சொன்னது, அதற்குக் காட்டிய சான்று என்று தாளை நெடுக்காக மூன்று பத்தியாகப் பிரித்துக் குறியுங்கள். மூன்றாவது பத்தி காலியாகக் கிடக்கும் இடம்தான் உங்கள் விமர்சனத்தின் இடம். பெரிய பிரச்சினை ஒன்று போதும். வரைபட அச்சில் அலகு இல்லை, எழுத்து சிறியது போன்றவற்றைக் கடைசியில் ஒரே வரியில் முடியுங்கள். உச்சரிப்பைத் தொடவே வேண்டாம். கேள்வி நேரத்தில் வந்த பதில் ஒன்றைப் பற்றியும் ஒரு வரி இருக்கட்டும். அது இல்லாத குறிப்பு, அறைக்கு வராமல் சுருக்கத்தை வைத்து எழுதியது போலத் தோன்றும். இரண்டு நாள் அவகாசம் இருந்தாலும் அன்றிரவே எழுதிவிடுங்கள். பஸ்ஸிலேயே முதல் இரண்டு வரியைப் போனில் தட்டிவிடலாம்.

வாய்விட்டுக் கேட்கும்போது ஒரு கேள்வி, அரை நிமிடத்துக்குள். ‘பார்த்துச் சொல்கிறேன்’ என்று அவர் சொன்னால் அதோடு விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. இந்தக் குறிப்புகள் மதிப்பெண் போட்டதும் துறையின் கோப்பில் தூங்குகின்றன என்றால், பேசியவருக்கும் ஒரு பிரதி போக வேண்டும் என்று உங்கள் மேடத்திடம் கேளுங்கள். உங்கள் முறை வரும்போது வகுப்பில் எழுதியதை எல்லாம் வாங்கி, இரண்டு பேருக்கு மேல் சுட்டிக்காட்டிய இடத்தைச் சிவப்பில் குறித்து, அடுத்த களப்பயணத்துக்குப் போகும்முன் அதைச் சரிசெய்யுங்கள்.