சினிமா பாம்பும் நிஜப் பாம்பும்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, ஜோடியில் ஒன்றைக் கொன்றால் மற்றது பழிவாங்க வருமா? கொன்றவர் முகம் செத்த பாம்பின் கண்ணில் பதியுமா?

பதில்: பதியாது. பாம்புக்கு இமை கிடையாது. கண்ணுக்கு மேல் கண்ணாடி போல ஒரு செதில் மூடியிருக்கும், அவ்வளவுதான். நல்லபாம்புகள் ஜோடியாகக் குடும்பம் நடத்துவதும் இல்லை, இனச்சேர்க்கைக் காலத்தில் மட்டும் கூடும். ஆனால் அடித்த இடத்துக்கே இன்னொரு பாம்பு வரலாம். பெண் பாம்பு விட்டுச்சென்ற வாசனைத் தடத்தை ஆண் நாக்கை நீட்டி நீட்டிப் பிடித்துக்கொண்டே வரும். அந்த இடத்தில் எலி இருந்தாலும் வரும். 1976இல் வந்த இந்தி ‘நாகின்’, அதைத் தழுவி 1979இல் தமிழில் வந்த ‘நீயா?’ போன்ற படங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்த வருகை பழியாகத்தான் தோன்றும். நம்பிக்கை பழையது, அதற்கு முகம் கொடுத்தது சினிமா.

கேள்வி: மகுடிக்கு ஆடுமா சார்?

பதில்: வெளிக்காது இல்லையே தவிர முழுச் செவிடு இல்லை. தரை அதிர்வும் தாழ்ந்த ஒலியும் உள்காதுக்கு எட்டும். ஆனால் அது ‘ஆடுவது’ இசைக்காக அல்ல. கண்ணெதிரே அசையும் மகுடியைத் தொடர்கிறது. படம் எடுப்பது மிரட்சியில். 1954 இந்தி ‘நாகின்’ படத்தின் புகழ்பெற்ற மகுடி இசைகூட மகுடியில் வாசித்ததல்ல, கிளாவியோலின் என்ற மின்கருவியிலும் ஆர்மோனியத்திலும் எழுப்பியது.

கேள்வி: புற்றுக்குப் பால் ஊற்றலாமா?

பதில்: வேண்டாம். பால் பாம்பின் உணவல்ல. நாள்கணக்கில் தண்ணீர் காட்டாமல் வைத்தால் எந்தத் திரவத்தையும் குடிக்கும், பிறகு நோயில் விழும்.

கேள்வி: சாரையும் நாகமும் பின்னிப் பிணைவதை எங்கள் வயலில் பார்த்திருக்கிறார்கள். மேலே வேட்டி போட்டால் செல்வம் சேருமாமே?

பதில்: வேட்டியோடு கிட்டே போகாதீர்கள். அவர்கள் பார்த்தது இரண்டு ஆண் சாரைகளின் மல்யுத்தம். முன்னுடலை உயர்த்தி, பின்னிக்கொண்டு, ஒன்றின் தலையை மற்றது தரையில் அழுத்தப் பார்க்கும். கடிக்காது, தோற்றது விலகி ஓடும். நிஜ இணைசேர்க்கையில் இரண்டும் தரையோடு கிடக்கும், வால்பகுதிதான் பிணைந்திருக்கும். சாரையும் நாகமும் வேறு வேறு குடும்பம், சேராது. நாகத்துக்குச் சாரை இரையாகக்கூட ஆகும்.

கேள்வி: ஒன்று கருப்பு, ஒன்று மஞ்சள் ஐயா. எப்படி ஒரே இனமாகும்?

பதில்: சாரையிலேயே மஞ்சள், பழுப்பு, கரும்பழுப்பு எல்லாம் உண்டு. நிறத்தை விடுங்கள், உதட்டைப் பாருங்கள்: சாரைக்கு உதட்டுச் செதில்களின் ஓரத்தில் கருங்கோடுகள் இருக்கும்; கண் பெரியது. அவ்வளவு நேரம் சண்டை போட்டும் ஒன்றாவது படம் விரித்ததா?

கேள்வி: கடித்த இடத்துக்கு மேலே இறுக்கிக் கட்டி, வாயால் உறிஞ்சினால் விஷம் இறங்குமா?

பதில்: இறங்காது. கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். இறுகக் கட்டிய கால் இரத்தமின்றி அழுகும். கட்டை அவிழ்த்ததும் விஷம் மொத்தமாக ஏறும். மோதிரம், கொலுசைக் கழற்றுங்கள், அந்த உறுப்பை அசையாமல் வையுங்கள், 108ஐ அழையுங்கள். மருத்துவமனையில் 2 மில்லி இரத்தத்தை உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசைக்காமல் வைத்துப் பார்ப்பார்கள். உறையாவிட்டால் கண்ணாடி விரியன் அல்லது சுருட்டை விரியன் விஷம் ஏறியிருக்கிறது. பிளாஸ்டிக் குழாய் என்றால் சோதனையே தப்பாகும்.

கேள்வி: கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டுச் சுடுகாட்டு மரத்தில் ஏறிப் புகையைப் பார்க்குமாமே?

பதில்: அது விஷமற்ற மரப்பாம்பு. அது கடித்து யாரும் சுடுகாடு போவதில்லை.

கேள்வி: பால் வைத்தால் நாகம் வருமா?

பதில்: மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: கனவில் பாம்பு துரத்துகிறது. பரிகாரம்?

பதில்: என் துறை அல்ல.

கேள்வி: சினிமாவில் எப்போதும் நாகம்தான் கடிக்கிறது. அதைக் கண்டு ஒதுங்கினால் போதுமா?

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். போதாது. கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், கட்டுவிரியன் மூன்றும் படம் எடுக்காது. கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்தவரைக் கடிக்கும். வலி பெரிதாகத் தெரியாது, பல்தடம்கூடக் கண்ணில் படாது. விடியலில் வயிற்றுவலி, இமை சரிவு, விழுங்க முடியாமை என்றால் பாம்புக்கடியை நினையுங்கள். இரண்டு புள்ளி தேடி நேரத்தைக் கழிக்காதீர்கள். கட்டிலில் படுங்கள், கொசுவலையை மெத்தைக்கடியில் செருகுங்கள். நச்சுமுறி மருந்து நாகத்தையும் சேர்த்து இந்த நான்குக்கும் பொதுவானது. அதற்கான விஷத்தை எடுப்பதில் சென்னையை அடுத்த வடநெம்மேலியில் உள்ள, பாம்பு பிடிக்கும் இருளர்களின் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரும்பங்கு உண்டு. எது கடித்தது என்று காட்ட அதை அடித்துக்கொண்டு போக வேண்டாம்.

கேள்வி: ஐயா, சாரை சண்டை வீடியோ இருக்கிறது, அனுப்பட்டுமா?

பதில்: அனுப்புங்கள். உதடு தெரியும் நொடியைக் குறித்து அனுப்புங்கள்.