வீட்டிலேயே அம்புகளுக்கு இறகு ஒட்டக் கற்றுக்கொள்ள முடியுமா? எங்கிருந்து தொடங்க வேண்டும்?

தாராளமாக முடியும். ஒரு மேசை, நல்ல வெளிச்சம், இறகு ஒட்டும் ஜிக் (அம்பையும் இறகையும் சரியான இடத்தில் பிடித்துக்கொள்ளும் கருவி) ஒன்று, பசை ஆகியவை இருந்தால் போதும். ஆனால் நான் முதன்முதலில் ஒட்டிய 6 அம்புகளில் 4 அம்புகள் இரண்டாம் நாளே இறகை உதிர்த்துவிட்டன. பசை சரியில்லை என்று நினைத்து வேறொன்று வாங்கினேன், அதுவும் நிற்கவில்லை. அம்பின் தண்டை ஆல்கஹாலால் துடைத்த பிறகு, சுத்தமாகிவிட்டதா என்று அதே இடத்தை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்ததுதான் காரணம் என்று பிறகே புரிந்தது. விரலில் இருக்கும் எண்ணெய்ப்பசை கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஒட்டும் பசைக்கும் தண்டுக்கும் நடுவே அது தங்கிவிடும். எனவே இந்த வேலையில் பாதி தண்டைத் தயார்செய்வதுதான் என்பேன்.

பழைய அம்பாக இருந்தால், முதலில் தண்டில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். கார்பன் தண்டை இரு கைகளாலும் மெதுவாக வளைத்துக் கூர்ந்து கேளுங்கள். சிறு நொறுங்கல் ஒலி வந்தாலும் அந்த அம்பை ஒதுக்கிவிடுங்கள், ஏனெனில் விரிசல் விட்ட கார்பன் எய்யும்போது சிதறிக் கையைக் கிழித்துவிடும். பழைய பசையை மழுங்கிய கத்தியைப் படுக்கையாகப் பிடித்துச் சுரண்டுங்கள். கூரான கத்தி கார்பன் இழைகளை வெட்டிவிடும். அதன்பின் ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து உலரவிட்டு, இறகு அமரும் பகுதியைத் தொடாமல் தண்டின் முன்பாதியை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

அம்பின் முனையை முன்னே செல்ல விட்டு வாலைப் பின்னுக்கு இழுத்துப் பிடிப்பதே இறகின் வேலை; சற்றே சாய்த்தோ முறுக்கியோ ஒட்டினால் அது அம்பைச் சுழலவும் வைக்கும். இயற்கை இறகில் ஒரு விதியை மீறவே கூடாது: ஓர் அம்பில் உள்ள 3 இறகுகளும் பறவையின் ஒரே பக்கச் சிறகிலிருந்து வந்தவையாக இருக்க வேண்டும். இரண்டு இறகுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், ஒரே சிறகைச் சேர்ந்தவை ஒரே பக்கமாக வளைந்திருப்பது தெரியும். ஜிக்கில் இறகைப் பிடிக்கும் கவ்வியும் அதற்குப் பொருந்த வேண்டும். இடச்சிறகு இறகை வலமுறுக்குக் கவ்வியில் வைத்தால் அதன் அடித்தண்டு அம்பின் தண்டோடு படியாமல் ஓரிடத்தில் தூக்கிக்கொண்டே நிற்கும். நேரான கவ்வியில் எந்தப் பக்க இறகையும் ஒட்டலாம்.

வில்லின் மேடையிலிருந்தோ (கைப்பிடிக்கு மேல் அம்பு தங்கும் இடம்) கையின் மேலிருந்தோ எய்பவர்கள் ‘வேன்’ எனப்படும் பிளாஸ்டிக் இறகுகளைத் தவிர்த்து இயற்கை இறகையே ஒட்ட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இறகு வில்லில் உரசும்போது மடங்கிக் கொடுக்கும். விறைப்பான வேன் மோதி அம்பைத் திருப்பிவிடும்.

ஒட்டும் முறை எளிது. அம்பின் வால்நுனியில் நாண் அமரும் ‘நாக்’ (nock) என்ற பகுதியின் பள்ளத்திலிருந்து சுமார் 1 அங்குலம் தள்ளி இறகின் பின்முனை வருமாறு கவ்வியில் பென்சிலால் கோடிட்டுக்கொண்டால், எல்லா அம்புகளிலும் இறகுகள் ஒரே இடத்தில் அமையும். அடையாள இறகை (பொதுவாக மற்ற இரண்டிலிருந்து வேறு நிறத்தில் இருப்பது) அந்த ‘நாக்’ பிளவுக்குச் செங்குத்தாக வையுங்கள். மற்ற இரண்டும் 120 பாகை இடைவெளியில் வருமாறு ஜிக்கே திருப்பிக் கொடுக்கும். இறகின் அடியில் நூல் போல மெல்லிய கோடாகப் பசை தடவினால் போதும், அதிகமானால் பிதுங்கிக் கவ்வியையும் தண்டோடு சேர்த்து ஒட்டிவிடும். பூச்சடித்த மரத்தண்டாக இருந்தால் பசை அந்தப் பூச்சோடு ஒத்துப்போகிறதா என்று ஒரு துண்டில் ஒட்டிப் பார்த்துவிடுங்கள்; சில பசைகள் பூச்சையே இளக்கிவிடும்.

மூன்றும் ஒட்டிய பிறகு, ஒவ்வோர் இறகின் முன்முனையிலும் பின்முனையிலும் ஒரு துளி பசை வையுங்கள். அம்பு இலக்குக்குள் ஆழமாகப் புகும்போது முதலில் உரசுவது முன்முனைதான். அந்தத் துளி இல்லாவிட்டால் இறகு அங்கிருந்தே உரியத் தொடங்கும். துளி உலர்ந்ததும் அதன்மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள்: நகம் எங்கும் மாட்டாமல் தண்டிலிருந்து இறகுக்கு வழுக்கி ஏற வேண்டும். ஓர் இரவு முழுக்க உலர விட்டு, மறுநாள் ஒவ்வோர் இறகையும் பக்கவாட்டில் லேசாகத் தள்ளிப் பார்த்துவிட்டு எய்யத் தொடங்குங்கள்.