முதல் வருஷம் சும்மா பேசிக்ஸ் தானா? (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள டாக்டர் அக்காவுக்கு,

பெரியபட்டினம் பக்கத்துல இருந்து எழுதுறேன், பேர் போட வேணாம். அப்பா சங்கு குளிக்கப் போறாக, அம்மா பாசி எடுக்கப் போவாக. ப்ளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம், அரசு உதவி பெறும் பள்ளி, அதனால 7.5 சதவீத ஒதுக்கீடு எனக்குக் கிடையாது. நீட்ல குவாலிஃபை ஆயிட்டேன், ஆனா இங்க சீட் கிடைக்கிற அளவு மார்க் இல்ல. ரஷ்யால இங்கிலீஷ் மீடியம் காலேஜ்ல சேத்துவிடுறேன்னு ஏஜென்ட் ஒருத்தர் முதல் வருஷப் பாடம்னு ஒரு பேப்பர் குடுத்திருக்காரு. அனாட்டமி, ஹிஸ்டாலஜி, பயாலஜி, கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ், வரலாறு, லத்தீன், ரஷ்யன்னு இருக்கு. "முதல் வருஷம் சும்மா பேசிக்ஸ்தான்மா, லத்தீன் ரஷ்யன் எல்லாம் பேருக்கு, எல்லாமே இங்கிலீஷ்தான்"னு சொல்றாரு. எனக்கு இங்கிலீஷே தடுமாறும். அப்பாவுக்கு ரெண்டு வருஷமா வலது காது சரியா கேக்கல, அதைப் பாத்துப் பாத்துதான் டாக்டருக்குப் படிக்கணும்னு ஆசை வந்துச்சு. என்னால முடியுமாக்கா?

---

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை மூணு தடவ படிச்சேன். ஏஜென்ட் சொன்னதுல பாதி நெசம். லெக்சர், புத்தகம், பரீட்சை எல்லாம் இங்கிலீஷ்ல இருக்கும், சில காலேஜ்ல மேல போகப் போக ரஷ்யனும் கலந்து வரும். ஆனா ஆஸ்பத்திரி கட்டில்ல படுத்திருக்கிற பாட்டிக்கு இங்கிலீஷ் தெரியாது. உன் பேப்பர்ல கடைசியா போட்டிருக்கிற அந்த ரஷ்யன் கிளாஸ அனாட்டமிக்கு சமமா வச்சுப் படி, நான் இந்தப் பதில் எழுதுறதே முக்கியமா இதைச் சொல்லத்தான்.

நான் போனது 2007ல, வோல்கா ஆத்துக் கரையில ஒரு ஊரு. என்கிட்டயும் இதையேதான் சொன்னாங்க, நானும் நம்பி ரஷ்யன் கிளாஸ்ல அட்டெண்டன்ஸுக்கு மட்டும் உக்காந்துட்டு, மேசைக்கு அடியில அனாட்டமி நோட்ட வச்சுப் படிச்சேன். மூணாவது வருஷம் வார்டுக்குப் போனோம். ஒரு வயசான அம்மா என் கையப் புடிச்சுக்கிட்டு பத்து நிமிஷம் பேசுனாங்க, எனக்கு ஒண்ணும் வெளங்கல, தலைய மட்டும் ஆட்டிக்கிட்டு நின்னேன். அந்தப் பக்கமா வந்த நர்ஸ் காதுல அது விழுந்து ஓடிப்போய் சார்கிட்ட சொன்னப்பதான் தெரிஞ்சுது, அவங்க காலையில இருந்து இடது கை கடுக்குது மூச்சு முட்டுதுன்னு சொல்லிக்கிட்டு இருந்திருக்காங்க. உடனே இ.சி.ஜி. எடுத்தாங்க, பிழைச்சுட்டாங்க. ஆனா அந்தக் கையோட பிடி இன்னைக்கும் எனக்கு மறக்கல. அன்னைக்கு ராத்திரியே முதல் வருஷ ரஷ்யன் புத்தகத்தத் தேடி எடுத்து முதல் பக்கத்துல இருந்து ஆரம்பிச்சேன். ரெண்டு வருஷம் வீணாப் போச்சு, உனக்கு அது போக வேணாம். "க்த்யே பலீத்" அப்படின்னா எங்க வலிக்குதுன்னு அர்த்தம். இத இன்னைக்கே எழுதி வச்சுக்கோ.

தமிழ் மீடியம்னு ரொம்ப பயந்து எழுதியிருக்க. வேற்றுமை உருபு மனப்பாடம் பண்ணியிருப்பல்ல, ஐ ஆல் கு இன் அது கண்ணுன்னு? லத்தீனும் ரஷ்யனும் அதேதான், வார்த்தையோட வால் மாறும், அர்த்தம் மாறும். நமக்கு எட்டு வேற்றுமை, ரஷ்யன்ல ஆறு. மெடிக்கல் லத்தீனுக்கு முக்கியமா ரெண்டு தெரிஞ்சா போதும், எழுவாயும் ஆறாம் வேற்றுமையும். பைசெப்ஸ் பிராக்கியைன்னா புயத்தினுடைய ரெட்டைத்தலைத் தசை, அந்த "னுடைய"வத்தான் லத்தீன்காரன் வால்ல வச்சிருக்கான். என்கூட படிச்சவங்கள்ல வேற்றுமை பாடத்த ஸ்கூல்ல ஒழுங்காப் படிச்ச தமிழ் மீடியம் பிள்ளைங்கதான் லத்தீன்ல சீக்கிரம் தேறுனாங்க, இது நான் கண்ணால பாத்தது.

அப்புறம் இந்த லத்தீன் கிரேக்க வார்த்தைங்க எல்லாம் நம்ம கடக்கரைக்காரங்களுக்கு அந்நியமே இல்ல. மூக்குக்குள்ள ரெண்டு பக்கமும் சுருண்டு நிக்கிற எலும்புக்கு கான்கான்னு பேரு, சிப்பி சங்கு ஓடுன்னு அர்த்தம். உள்காதுல ரெண்டரைச் சுத்து சுத்தியிருக்கிற காக்ளியா, நத்தை ஓடு. மூளையில ஞாபகத்துக்கு வேலை செய்யிற ஹிப்போகாம்பஸ், அது நம்ம மன்னார் வளைகுடாவுல கெடக்கிற கடல்குதிரையேதான். பாதத்துல ஒரு எலும்பு நேவிகுலர், மணிக்கட்டுல ஒண்ணு ஸ்கேஃபாய்ட், ரெண்டுக்குமே படகுன்னுதான் அர்த்தம்.

அந்த ஸ்கேஃபாய்ட பத்திக் கொஞ்சம் சொல்லணும். போன வருஷம் என் கிளினிக்குக்கு விசைப்படகுல வேலை பாக்குற ஒரு தம்பி வந்தான், மேல்தளம் வழுக்கி கைய ஊணி விழுந்திருக்கான், எக்ஸ்ரேல ஒண்ணுமில்ல சுளுக்குதான்னு எங்கயோ சொல்லி அனுப்பிட்டாங்க. கட்டைவிரல விரிச்சா அதுக்கு அடியில ஒரு குழி விழும், அங்க அமுக்குனதும் துடிச்சுப்போயிட்டான். ஸ்கேஃபாய்ட் முறிவு முதல் நாள் எக்ஸ்ரேல தெரியாமப் போகலாம், அதோட அந்த எலும்புக்கு ரத்தம் விரல் பக்கத்துல இருந்து நுழைஞ்சு முழங்கை பக்கமா பின்னோக்கிப் போகுது, நடுவுல ஒடைஞ்சா பின்பாதிக்கு ரத்தம் நின்னு அது செத்துப்போகலாம், அப்புறம் அவன் வலை இழுக்கவே முடியாது. கட்டுப் போட்டு பத்து நாள் கழிச்சு திரும்ப எடுத்தோம், கோடு தெரிஞ்சுது. இந்த ரத்த ஓட்டத்த நான் படிச்சது முதல் வருஷ அனாட்டமில, எலும்பு தட்ட முன்னால வச்சுக்கிட்டு டீச்சர் ஒண்ணொண்ணா எடுத்துக் கையில குடுத்து இது வலதா இடதா, எந்த ரத்தக்குழாய்னு கேட்டு நின்ன நாள்ல. இதப் போய் பேசிக்ஸ்னு எப்படித் தள்ளுறது?

பிசிக்ஸ் எதுக்குன்னு நீ கேக்கல, ஆனா உன் வீட்டுலயே அதுக்குப் பதில் இருக்கு. கடல்ல பத்து மீட்டர் இறங்குனா மேல இருக்கிறத விட அழுத்தம் ரெண்டு மடங்கு, காத்தோட கன அளவு பாதி, பாயில் விதி. நடுக்காதுல இருக்கிற காத்தும் அப்படித்தான் சுருங்கும், செவிப்பறை உள்ள இழுபடும், அதச் சரிக்கட்டத்தான் மூக்கப் பொத்தி ஊதுறாக. அந்தக் காத்து மூக்குக்குப் பின்னாடி இருந்து காதுக்குப் போற குழாய்தான் யூஸ்டேகியன் குழாய். சளி புடிச்சு அது அடைச்சிருக்கும்போது இறங்குனா பறை கிழியலாம். அப்பாவோட ஒரு காதுல பிசிக்ஸ், அனாட்டமி, லத்தீன் மூணும் இருக்கு பாரு.

ஹிஸ்டாலஜின்னா உடம்புத் திசுவ மைக்ராஸ்கோப்ல பாத்துப் படிக்கிறது, அதுல நிறைய வரையச் சொல்லுவாங்க, நீலப் பென்சிலும் ரோஸ் பென்சிலும் எடுத்துட்டுப் போ, செல்லோட உட்கருவ நீலமா மத்தத ரோஸா காட்டுற சாயம்தான் வழக்கம். கெமிஸ்ட்ரில சவ்வூடு பரவல் நல்லாப் படி, கருவாட்டுக்கு உப்பு போட்டா தண்ணி விடுதுல்ல அதே கதைதான், நம்ம ரத்தத்துக்கு ஏத்த சலைன் 0.9 சதவீத உப்பு, கடத்தண்ணி கிட்டத்தட்ட 3.5. பயாலஜில மரபியலும் ஒட்டுண்ணியும் நிறைய வரும், சைபீரிய ஆத்து மீனச் சரியா வேக வைக்காமத் தின்னா கல்லீரல்ல ஏறுற புழு ஒண்ணு இருக்கு, அத அங்க எல்லாப் பிள்ளைங்களும் படிக்கணும். வரலாறப் பத்தி கவலப்படாத, கிளாஸுக்குப் போனாலே போதும்.

அங்க இன்னொரு வழக்கம், கிளாஸுக்குப் போகலைன்னா அந்தக் கிளாஸ திரும்பப் போய் உக்காந்து பதில் சொல்லி அடைக்கணும், ஒத்ரபோத்கான்னு பேரு. அது சேந்துட்டா பரீட்சைக்கே விட மாட்டாங்க. முக்கியமான பரீட்சை பெரும்பாலும் வாயால சொல்றது, ஒரு சீட்ட எடுக்கணும், அதுல உள்ள கேள்விக்கு டீச்சர் முன்னாடி உக்காந்து சொல்லணும். தமிழ் மீடியம் பிள்ளைக்கு இங்கதான் நெஞ்சு அடைக்கும். அதனால தினமும் ராத்திரி ஒரு எலும்ப எடுத்து ரூம்மேட்டுக்கு இங்கிலீஷ்ல வாய்விட்டுச் சொல்லு, தப்பாச் சொன்னாலும் சத்தமாச் சொல்லு. ஒரு நோட்டுல நாலு கட்டம் போட்டு லத்தீன், இங்கிலீஷ், ரஷ்யன், தமிழ்னு எழுதிக்கிட்டே வா. இதயக்கீழறைன்னு உனக்குத் தெரிஞ்சத விட்டுறாத, தெரிஞ்சதுல இருந்துதான் தெரியாததுக்குப் போக முடியும்.

பணம் கட்டுறதுக்கு முன்னாடி சிலத எழுத்துல கேட்டு வாங்கு. 2021ல தேசிய மருத்துவ ஆணையம் போட்ட விதிப்படி படிப்பு குறைஞ்சது 54 மாசம் இருக்கணும், இங்கிலீஷ் மீடியமா இருக்கணும், அது முடிஞ்சு அதே காலேஜ்ல 12 மாசம் இன்டர்ன்ஷிப், அந்த நாட்டுலயே டாக்டரா வேலை பாக்க உரிமை கிடைக்கிற பட்டமா இருக்கணும். அப்புறம் இங்க வந்து எப்.எம்.ஜி.இ., அதாவது வெளிநாட்டுல டாக்டருக்குப் படிச்சவங்க இங்க எழுதுற தகுதிப் பரீட்சை, 300 கேள்வி, 150 எடுத்தா பாஸ், அதுக்கப்புறம் இங்க 12 மாசம் இன்டர்ன்ஷிப். அந்த 300ல அனாட்டமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி மூணும் சேந்து 51 வரும், அதுல மத்த ரெண்டும் பெரும்பாலும் ரெண்டாவது வருஷம்தான். நான் முதல் தடவ பாஸ் ஆகல, அனாட்டமியத் திரும்பப் படிச்சுதான் ரெண்டாவது தடவ தேறுனேன். முதல் வருஷ நோட்ட வீட்டுக்கு வர்றப்ப அங்க விட்டுட்டு வந்துறாத.

முடியுமான்னு கேட்ட. முடியும், ஆனா முதல் நாள்ல இருந்தே. ரஷ்யன் எழுத்து 33தான், 247 எழுத்து படிச்ச பிள்ளைக்கு ரெண்டு வாரம் போதும், இங்க இருக்கும்போதே முடிச்சுடு.

அப்பா விஷயம் மட்டும் நீ டாக்டர் ஆகுற வரைக்கும் காத்திருக்க வேணாம். ஒரு காது மட்டும் ரெண்டு வருஷமா மந்தமா இருக்குன்னா காது மூக்கு தொண்டை டாக்டர்ட்ட காட்டி கேக்குற திறனுக்கு டெஸ்ட் எடுக்கணும், ராமநாதபுரம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குப் போனாலே காட்டலாம். காட்டுற வரைக்கும் கடல்ல இறங்க வேணாம்னு சொல்லு. கேக்க மாட்டாகன்னா என் கிளினிக்குக்குக் கூட்டிட்டு வா, நான் பேசுறேன்.

அன்புடன்,
அக்கா