சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து வீட்டில் ஹேம் ரேடியோ (பொழுதுபோக்கு வயர்லெஸ்) ஸ்டேஷன் வைக்கிறேன், எந்த மானிட்டர் வாங்கலாம்?

24 இஞ்சா 27 இஞ்சா, எந்த பிராண்ட் என்று கேட்டிருக்கிறீர்கள். 40 மீட்டர் பேண்டில் (7 மெகாஹெர்ட்ஸ்) எஃப்டி8 என்ற கம்ப்யூட்டர் வழிச் செய்தி முறை, பேச்சு, டூ மீட்டர் பேண்டில் (144 முதல் 148 மெகாஹெர்ட்ஸ்) சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டர், இவைதான் வேலை என்றால் 24 இஞ்ச், 1920-க்கு 1080, ஐபிஎஸ் பேனல் போதும். டிஎன் பேனல் வேண்டாம். சிக்னல்களைக் கோடுகளாக ஓடவிட்டுக் காட்டும் வாட்டர்ஃபால் படத்தில் மெலிந்த சிக்னல் கறுப்பின் மேல் கருநீலக் கோடாகத்தான் விழும். நாற்காலியில் கொஞ்சம் சாய்ந்தாலே டிஎன் திரையில் அது மறைந்துவிடும்.

பிராண்டைவிட, மானிட்டர் ரேடியோவுக்குள் கிளப்பும் மின் இரைச்சலைப் பாருங்கள். கோலாலம்பூர் கொண்டோ ஒன்றில் அக்கம்பக்கத்து மின்சாமான்களின் சத்தத்திலேயே ரேடியோவின் எஸ் மீட்டர் (சிக்னல் அளவு காட்டும் முள்) ஏறி நிற்கும், மானிட்டர் கத்துவது அதில் அமுங்கிப் போகும். செம்பனையும் ரப்பரும் சூழ்ந்த ஊரில் 7 மெகாஹெர்ட்ஸ் அமைதியாக இருக்கும். அந்த அமைதியைக் கெடுக்கப் போவது உங்கள் மேசையில் இருக்கிற சாமான்தான்.

சத்தம் இரண்டு வழியாக வரும். ஒன்று கரண்ட் சப்ளை. உள்ளே இருக்கும் சுவிட்சிங் சர்க்யூட் பெரும்பாலும் 65 முதல் 130 கிலோஹெர்ட்ஸில் ஓடும்; டயலைத் திருப்பினால் அந்த இடைவெளிக்கு ஒரு தடவை சொரசொரவென்று ஒரு மேடு வரும், மானிட்டர் சூடாக ஆக அது இடம் நகரும். இரண்டாவது எச்டிஎம்ஐ கேபிள். 1080-க்கு 60 ஹெர்ட்ஸில் அதன் கிளாக் துடிப்பு 148.5 மெகாஹெர்ட்ஸ், டூ மீட்டருக்கு மயிரிழையில் வெளியே. ஆபீஸ்களில் கழித்துப் போட்ட பழைய 22 இஞ்ச், 1680-க்கு 1050 மானிட்டர்கள் மலிவாகக் கிடைக்கும். வழக்கமான டைமிங்கில் அதன் கிளாக் 146.25, நேராக பேண்டுக்குள்ளேயே. ரிப்பீட்டர் கேட்பவருக்கு அது ஆகாது.

எது கத்துகிறது என்று பிரிப்பது சுலபம். மானிட்டர் எரியும்போதே எச்டிஎம்ஐயை உருவுங்கள். 'சிக்னல் இல்லை' என்ற எழுத்து சில வினாடி நிற்கும், அதற்குள் ரேடியோவைக் கேட்கவேண்டும். சத்தம் நின்றால் கேபிள், நிற்கவில்லை என்றால் சப்ளை. கடையில் வாங்கும்போதும் பேட்டரியில் ஓடும் சின்ன ஷார்ட்வேவ் ரேடியோ ஒன்றை எடுத்துப் போங்கள். 7 மெகாஹெர்ட்ஸ் அருகே காலியான இடத்தில் வைத்து, திரையிலிருந்து ஒரு அடி தள்ளிப் பிடித்து, மானிட்டரை மட்டும் அணைத்துப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கடைக்காரர் விநோதமாகப் பார்ப்பார், பரவாயில்லை. பிரைட்னஸைக் குறைத்தும் கேளுங்கள். சில மானிட்டரில் பேக்லைட் டிம் ஆகும்போதுதான் சத்தம் கிளம்பும்.

அடாப்டர் வெளியே தனியாக வரும் மாடலையே எடுங்கள், கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விற்கும் அடாப்டர் வேண்டாம். அவற்றில் பலவற்றில் ஃபில்டர் சுருள் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கம்பியைச் சேர்த்து ஒட்டியிருப்பார்கள். லேபிளில் 12 வோல்ட் என்று இருந்தால் இன்னும் நல்லது, ஸ்டேஷனின் 13.8 வோல்ட் சப்ளையிலேயே ஓட்டலாம். வோல்ட்டைக் குறைக்க 7812 ரெகுலேட்டர் ஐசி போடாதீர்கள், அதற்கு 2 வோல்ட் இடைவெளி வேண்டும், இங்கே இருப்பது 1.8 தான். எல்எம்1084 அட்ஜஸ்டபிள் ஐசியில் 120 ஓமும் 1 கிலோ ஓமும் வைத்தால் 11.7 வோல்ட் வரும், அது போதும். உள்ளே 10, வெளியே 100 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர். 2 ஆம்பியர் இழுத்தால் ஐசி 4 வாட் சூடாகும், ஹீட்சிங்க் கட்டாயம். 3 ஆம்பியர் பியூஸ் போட்டு, பிளக்கின் பிளஸ் மைனஸை மீட்டரில் பார்த்த பிறகே சொருகுங்கள். 19 வோல்ட் மாடலுக்கு இந்த வழி உதவாது.

மிச்சச் சத்தத்துக்கு ஃபெரைட், அதாவது கேபிளில் ஏறும் ரேடியோ சத்தத்தைத் தடுக்கும் காந்த வளையம். எஃப்டி240-31 வளையத்தில் எச்டிஎம்ஐயை 5 சுற்று, அடாப்டரின் டிசி வயரை 10 சுற்று. 40 மீட்டர் போன்ற எச்எஃப் (ஷார்ட்வேவ்) பேண்டுகளுக்கு மிக்ஸ் 31 என்ற ஃபெரைட் கலவைதான். கடையில் கிடைப்பதை வாங்கினால் பெரும்பாலும் மேல் அலைவரிசைக்கு ஆனதாக இருக்கும். சுற்று இரண்டு மடங்கானால் தடுப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு. கேபிளில் ஒரு ஃபெரைட் கிளிப்பை, அதாவது ஒரே ஒரு சுற்றை, மாட்டிவிட்டு 'ஒன்றும் குறையவில்லை' என்பவர்கள் அதனால்தான் ஏமாறுகிறார்கள்.

எதிர்ப்பக்கப் பிரச்சினையும் உண்டு. 100 வாட்டில் டிரான்ஸ்மிட் செய்யும்போது திரை இருண்டு திரும்பும், தொடு பட்டன் இருந்தால் மெனு தானாகத் திறக்கும். ஒரு முனையில் மட்டும் இணைக்கும் எண்ட்ஃபெட் ஆன்டெனாவில் இது அதிகம், ஆன்டெனா கேபிளான கோஆக்ஸின் வெளித்தோலில் ஆர்எஃப் (ரேடியோ மின்சாரம்) வீட்டுக்குள் இறங்குவதால். கோஆக்ஸையும் ஃபெரைட்டில் சுற்றி ஒரு சோக் (தடுப்புச் சுருள்) செய்யுங்கள். மானிட்டர் அழுத்தும் பட்டன் உள்ளதாக இருக்கட்டும்.

சாயங்கால இடிமழைக்கு மூன்று பின் பிளக்கை உருவினால் மட்டும் போதாது. மோடத்தின் லேன் வயர் வழியாகக் கம்ப்யூட்டருக்கு வரும் மின்னல் எச்டிஎம்ஐ வழியே மானிட்டருக்கும் போகும். ஆன்டெனா கோஆக்ஸ், லேன், எச்டிஎம்ஐ மூன்றையும் முதல் இடி கேட்பதற்கு முன்பே கழற்றி வையுங்கள். கைக்கு எட்டும் பக்கம் அந்தச் சாக்கெட்டுகள் இருக்கிற மாடலாகப் பார்த்து வாங்கினால் தினமும் செய்வீர்கள்.