ஹோலோடெட்ஸ் ஏன் உறையவில்லை?

கேள்வி: ரஷ்யாவிலும் உக்ரைனிலும் புத்தாண்டு விருந்துக்கு ஹோலோடெட்ஸ் வைப்பார்களே, இறைச்சியை அதன் சாற்றிலேயே ஜெல்லியாக உறையவிட்டது, அதை வீட்டில் செய்து பார்த்தேன். எலும்பில்லாத மாட்டிறைச்சி 2 கிலோ, கொஞ்சம் கோழி, நன்றாகக் கொதிக்கவிட்டு மூன்று மணி நேரம். இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் இருந்தும் சூப்பாகவே நிற்கிறது, கலங்கலாக வேறு. ஜெலட்டின் பாக்கெட் போட்டிருக்க வேண்டுமோ?

பதில்: ஃப்ரிட்ஜ் மேல் பழி போடாதீர்கள், கோளாறு பானையில்தான். வெறும் சதை எவ்வளவு வெந்தாலும் அப்படி உறையாது. தோலிலும் மூட்டிலும் தசைநாரிலும் இருக்கிற கொலாஜன் மணிக்கணக்கில் வெந்து ஜெலட்டினாக மாறினால்தான் சாறு பிடிக்கும். அதனால்தான் அங்கே பெரும்பாலும் பன்றிக்காலில் தொடங்குவார்கள். பன்றி வேண்டாமென்றால் மாட்டுக்கால், அதோடு நகம் வெட்டிய கோழிப் பாதம். பானையில் பாதி இது, மீதி சதை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காலைச் சுரண்டிக் கழுவி, சில மணி நேரம் குளிர்ந்த நீரில் ஊறப்போடுங்கள். முதல் கொதி வந்ததும் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீர் இறைச்சிக்கு மேல் இரண்டு விரல் நிற்கும்படி ஊற்றி, ஆறேழு மணி நேரம் மிகச் சிறு தீயில் விடுங்கள். அங்கங்கே ஒரு குமிழி வந்தால் போதும். தளபுளவென்று கொதித்தால் கொழுப்பு சாற்றோடு கலந்துவிடும், உங்கள் கலங்கலுக்குக் காரணம் அதுதான் (நானும் அவசரப்பட்டு ஒருமுறை பால் மாதிரி வெள்ளையாக்கி வைத்தேன், ருசியில் குறையில்லை, பார்க்கத்தான் சகிக்கவில்லை). நடுவில் தண்ணீர் சேர்க்க வேண்டாம். கடைசி ஒன்றரை மணி நேரத்துக்கு கேரட்டும் தோலோடு ஒரு முழு வெங்காயமும் போடுங்கள், தோல்தான் பொன்னிறம் தருவது. மிளகும் பிரியாணி இலையும் கடைசி அரை மணிக்கு. உப்பும் கடைசியில்தான், ஆனால் ஒரு சிட்டிகை தூக்கலாக, ஏனென்றால் குளிர்ந்தபின் உப்பு மட்டுப்பட்டுத் தெரியும்.

அடுப்பை அணைக்கும் முன் ஒரு ஸ்பூன் சாற்றைத் தட்டில் விட்டு ஃப்ரிட்ஜில் கால் மணி நேரம் வையுங்கள். விரலில் ஒட்டி, சரித்தாலும் ஓடாமல் இருந்தால் சரி, இல்லையென்றால் இன்னும் வேகட்டும். அப்புறம் இறைச்சியைப் பிய்த்துப் பாத்திரத்தில் பரப்பி, நசுக்கிய பச்சைப் பூண்டு தூவி, துணியில் வடிகட்டிய சாற்றை ஊற்றி ஆறவிட்டு ஃப்ரிட்ஜுக்கு.

இப்போது இருப்பதைக் கொட்டிவிடாதீர்கள். சதையை மட்டும் எடுத்து வைத்துவிட்டு, மேலே சொன்னபடி தண்ணீரில் ஊறவைத்து ஒரு கொதி விட்டு எடுத்த ஒரு மாட்டுக்காலையோ பன்றிக்காலையோ அதே சாற்றில் போட்டு நாலைந்து மணி நேரம் வேகவிடுங்கள். ஏற்கெனவே உப்புப் போட்டிருந்தால் வற்ற வற்ற கரிக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். நேரமில்லையென்றால் லிட்டருக்கு 15–20 கிராம் ஜெலட்டினைக் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, சூடான சாற்றில் கரையுங்கள், கொதிக்கவிடாமல். குற்றமில்லை, ஆனால் ஜெலட்டின் சேர்த்து உறையவைப்பதை அங்கே ஸலிவ்னோயே என்று வேறு பெயரில் சொல்வார்கள்.

கேள்வி: மேலே வெள்ளையாகக் கொழுப்பு படிகிறது. மிஞ்சியதை ஃப்ரீசரில் வைக்கலாமா?

பதில்: கொழுப்பைப் பரிமாறும் முன் ஸ்பூனால் வழித்துவிடுங்கள். ஃப்ரீசர் வேண்டாம், பனிக்கட்டி ஜெல்லியைக் கிழித்துவிடும், உருகும்போது தண்ணீர் விடும். ஃப்ரிட்ஜில் மூன்று நாள் தாங்கும். கடுகு விழுதோ துருவிய ஹார்ஸ்ராடிஷோ (கடுகு மாதிரி காரமான ஒரு வேர்) பக்கத்தில் வைத்து, சில்லென்று இருக்கும்போதே மேசைக்குக் கொண்டுபோங்கள்.