வீடு மாறும்போது குடும்பத்தோடு நெடுந்தூரம் காரில் போகிறோம், எதைக் கவனிக்க வேண்டும்?

குழந்தைகளோடு இரண்டு நாள் காரிலேயே புது வீட்டுக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். நாங்கள் அப்படிப் போய்ப் பட்டதைச் சொல்கிறேன்.

சாமான்தான் பெரிய தலைவலி. கனமான பெட்டிகள் கீழே, பின் சீட்டின் முதுகை ஒட்டி இருக்கட்டும். உயரத்தில் வைத்தால் திடீர் பிரேக்கில் முன்னால் பாயும். நான் கூரை வரை அடைத்துவிட்டு, பின்னால் வருவது எதுவும் தெரியாமல் திணறி, கடைசியில் சாலையோரம் நிறுத்தி எல்லாவற்றையும் இறக்கி ஏற்றினேன். டயர் சூடாவதற்கு முன்பே, முழுச் சுமைக்கென்று குறிப்பிட்டிருக்கும் அளவுக்குக் காற்றடியுங்கள். அந்த அளவு பெரும்பாலும் ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும். பின்பக்கம் அழுந்தினால் ஹெட்லைட் மேலே தூக்கி எதிரே வருபவரின் கண்ணைக் கூசும். அதன் உயரத்தைக் குறைக்கும் வசதி பல கார்களில் உண்டு.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள். குழந்தைக்குக் குமட்டினால் செல்போனை வாங்கி வைத்துவிட்டு, தூரத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம், முதல் ராத்திரிக்கென்று தனிப் பை: போர்வை, மாத்திரை, சார்ஜர், கத்தரிக்கோல். எங்கள் கத்தரிக்கோல் டேப் ஒட்டிய பெட்டிக்குள்ளேயே மாட்டிக்கொண்டது. புது வீட்டுச் சாவியால்தான் கிழித்தோம். அசல் ஆவணங்களை மட்டும் லாரியில் ஏற்றாதீர்கள், கையோடு கொண்டுபோங்கள்.